கையெழுத்து மட்டும் போட்ட டைரக்டர்கள் கவனத்துக்கு

அவர் டெம்போ டிரைவர். "ரெண்டாவது டைரக்டரா ஒரு ஆள் வேணும்ப்பா, சும்மா பேருக்குத்தான்" என்று முதலாளி சொன்னதும் ஆதார், பான், நான்கு போட்டோ கொடுத்தார். செல்போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் படித்துச் சொன்னார். மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து, அந்தக் கம்பெனி வழியாகத் தடைசெய்யப்பட்ட ஓர் இயக்கத்துக்குப் பணம் போனதாக விசாரணை தொடங்கியது. ஏ.டி.எம்.மில் பணம் வராதபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் அன்று.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். டிரைவரையும் கணக்குப் பிள்ளையையும் தேடி வருவது அதனால்தான்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 22ஏ பிரிவுப்படி, குற்றம் செய்தது கம்பெனி என்றால் அதன் பொறுப்பில் இருந்தவர்களும் குற்றவாளிகள். 22சி பிரிவில் குறைந்தது 7 ஆண்டு சிறை, 5 கோடி முதல் 10 கோடி வரை அபராதம். "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்றோ "தடுக்க நியாயமான கவனம் எடுத்தேன்" என்றோ நிரூபித்தால் தப்பிக்கலாம். நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஜாமீனும் இந்தச் சட்டத்தில் லேசில் கிடைக்காது. ஆகவே காகிதம் எல்லாம் விசாரணை வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

முதலில், மத்திய நிறுவன விவகாரத் துறை இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடி, டைரக்டர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேலையை விட்டு நின்றால் டைரக்டர் பதவியும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. முதலாளி கையில் கொடுத்த ராஜினாமா கடிதத்தை அவர் மேசை டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். பட்டியலில் நீங்கள் டைரக்டராகவே இருப்பீர்கள். கடிதத்தைப் பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகியதை அரசுக்குத் தெரிவிக்க, கம்பெனி 30 நாளுக்குள் டி.ஐ.ஆர்-12 படிவம் போட வேண்டும். போடாவிட்டால் ராஜினாமாவைத் தெரிவிக்கும் டி.ஐ.ஆர்-11 படிவத்தை நீங்களே போடலாம்.

சிக்கல் இங்கேதான். டி.ஐ.ஆர்-11 போட உங்கள் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்த டோக்கன், பென் டிரைவ் மாதிரி இருக்கும் சின்னச் சாமான், பெரும்பாலும் முதலாளியின் ஆடிட்டர் ஆபீஸில் கிடக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் அதைக் கொடுத்த நிறுவனத்துக்கே எழுதி ரத்து செய்யச் சொல்லிவிட்டு, புதிதாக எடுங்கள். டி.ஐ.ஆர்-11 போட்ட பிறகும், கம்பெனி டி.ஐ.ஆர்-12 போடும் வரை உங்கள் பெயர் பட்டியலில் தொங்குவதுண்டு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று: பதவியில் இருந்த காலத்தில் நடந்ததற்கு ராஜினாமா செய்த பிறகும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். வெளியேறும் முன் நீங்கள் கையெழுத்திட்ட செக், தீர்மானம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஏற்கெனவே முடங்கிவிட்டதா? வங்கியில் "மேலிடத்து உத்தரவு" என்பார்கள். போலீஸில் "பேங்க்ல கேளுங்க" என்பார்கள். மறுபடி வங்கிக்குப் போனால் மேனேஜர் லீவு. இந்த அலைச்சலில் மாட்டாதீர்கள். முடக்கச் சொன்னது எந்த விசாரணை அமைப்பு, எந்தச் சட்டப் பிரிவு, எந்தத் தேதி என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

பிரிவு தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 106, அதாவது போலீஸ் முடக்கியது என்றால் வழக்கு இருக்கும் நீதிமன்றத்தில் மனு. ஊபா 25 என்றால் விவகாரம் 48 மணி நேரத்துக்குள் அரசு நியமித்த அதிகாரிக்குப் போயிருக்க வேண்டும். அவர் 60 நாளுக்குள் முடக்கத்தை உறுதி செய்யலாம், நீக்கலாம். அதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. கூப்பிடவில்லை என்றால் நீங்களே எழுதிக் கேளுங்கள். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். வக்கீல் ஊரில் இல்லை, பொங்கல் லீவு என்று பத்து நாளைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அமலாக்கத் துறை முடக்கியது என்றால் வழி வேறு. அந்த முடக்கத்தை விசாரிக்கும் டெல்லி தீர்ப்பாணையத்தின் நோட்டீஸுக்குப் பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் தருவார்கள்.

மனுவில் கதை எழுத வேண்டாம். சம்பள வரவு, பிடித்தம், உங்கள் வேலை என்ன என்பதற்கான சாட்சி, இவை போதும். "கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் கையெழுத்து அவர்களிடம் இருக்கிறது.

அந்த டிரைவருக்கு நான்காவது நடையில்தான் வங்கி மூன்று வரிக் கடிதம் கொடுத்தது. அதில் இருந்த பிரிவு 106. அதுவரை இரண்டு மாதமாக அவர் காத்துக்கிடந்தது அமலாக்கத் துறை அலுவலக வாசலில்.