செல்லப்பெயர்: வீட்டில் அழைப்பதும் பதிவில் எழுதுவதும்

கோத்தகிரியில் எங்கள் உறவினர் வீட்டில் ஐப்பசி மழையின்போது பிறந்த பெண் குழந்தையை, முதல் நாளிலிருந்தே எல்லாரும் ‘மின்னு’ என்று அழைக்கிறார்கள். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்கும் பேச்சு வந்தபோது, அதையே எழுதிவிடலாம் என்றாள் தாய், “செல்லப்பெயரையா பதிவு செய்வது? பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா?” என்றார் பாட்டி. இந்த வழக்கில் யார் பக்கம் நிற்பது என்பதைவிட, ‘செல்லப்பெயர்’ என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதுதான் என்னை ஈர்த்தது.

‘செல்லம்’ என்பதைச் ‘செல்வம்’ என்பதன் திரிபாகக் கொள்வர். செல்வச் செழிப்பைக் குறித்த சொல், செழிப்பால் வரும் சலுகைக்கும் கொஞ்சலுக்கும் பெயராகி, ‘செல்லம் கொடுத்தல்’ என்ற வழக்கில் நிலைத்தது. திருமண அழைப்பிதழில் பெண்ணின் பெயருக்கு முன் அச்சிடும் ‘செல்வி’யும், அவளை வீட்டில் அழைக்கும் ‘செல்லம்’ என்பதும் ஆக ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்று சபைக்குரியது, மற்றொன்று சமையற்கட்டுக்குரியது.

ஆங்கில ‘நிக்நேம்’ என்பதற்குச் செல்லப்பெயர் என்று எழுதுவது எப்போதும் பொருந்தாது. அச்சொல் பழைய ஆங்கிலத்தில் ‘கூடுதல்’ என்று பொருள்படும் ‘ஈக்’ என்பதோடு ‘நேம்’ சேர்ந்து பிறந்தது. ‘அன் ஈக்நேம்’ என்று சேர்த்துச் சொன்னதில் னகரம் இடம் மாறி ஒட்டிக்கொண்டது. கூடுதல் பெயர் எதுவாயினும், கொஞ்சலோ கேலியோ, அதற்குள் அடங்கும். தமிழில் கேலிக்கும் பெருமைக்கும் உரியது பட்டப்பெயர். நெற்றியில் கட்டும் பொற்பட்டத்தை ஒட்டி எழுந்த சொல் அது. சிறப்பால் வந்த பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைக்கச் சொல்லும் தொல்காப்பியம் கருதுவதும் இத்தகைய பெயரைத்தான். குழந்தைக்கு இட்ட கொஞ்சல் பெயரைப் ‘பட்டப்பெயர்’ என்று எழுதுவது பிழை என்றே நான் கொள்வேன்.

செல்லப்பெயர்களிலும் இரண்டு வகை உண்டு. சரஸ்வதி ‘சரசு’ ஆவதும், காமாட்சி ‘காமு’ ஆவதும், பார்வதி ‘பாரு’ ஆவதும் ஒரு வகை. நீண்ட பெயர் நாவில் தேய்ந்து குறுகியவை இவை. தஞ்சாவூர் தஞ்சை ஆனதை இலக்கணம் மரூஉ என்கிறது. இவற்றையும் அப்படியே சொல்லலாம். எங்கள் மலைக்கு இது புதிதன்று. ரயில் நிலையப் பலகையில் உதகமண்டலம், எழுத்தில் உதகை, வாயில் ஊட்டி என்று ஓர் ஊரே மூன்று பெயரோடு வாழ்கிறது. அம்மு, பாப்பு, பொம்மி, சிட்டு போன்றவை இரண்டாம் வகை. இவற்றுக்குப் பின்னால் நீண்ட பெயர் எதுவும் இல்லை. முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு 2019இல் வந்த பெண் யானைக்குட்டியை முதலில் ‘அம்முக்குட்டி’ என்று அழைத்தார்கள், பிறகு ‘பொம்மி’ என்று பெயரிட்டார்கள். செல்லப்பெயருக்கு மாற்றாக வைத்த பெயரும் செல்லப்பெயராகவே அமைந்தது.

‘வீட்டுப்பெயர்’ என்ற சொல்லைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. சமவெளியில் அது செல்லக்கூடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் செல்லாது. அங்கே மலையாளம் பேசுவோரிடம் ‘வீட்டுப்பேர்’ என்றால் குடும்பத்தின் பெயர் என்றே பொருள்படும். கொஞ்சல் பெயரை அவர்கள் ‘ஓமனப்பேர்’ என்பார்கள். ‘கூப்பிடுகிற பெயர்’ என்று நம் மக்கள் சொல்வதே குழப்பமில்லாதது.

இனி பாட்டியின் ஐயத்துக்கு வருவோம். செல்லப்பெயர் இயற்பெயராவது நேற்றைய நாகரிகம் அன்று. பாரதியாரின் மனைவி பெயர் செல்லம்மாள். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் முதிய வயதிலும் இயற்கை வேளாண்மை செய்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் பாப்பம்மாள். கொஞ்சிய சொல்லோடு ‘அம்மாள்’ சேர்ந்ததும் அது சபைக்கு வந்துவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘குஞ்சம்மா’ மட்டும் வீட்டோடு நின்றது. ஆங்கிலத்தில் ஆன் என்பதன் கொஞ்சல் வடிவமாக வழங்கிய ‘நான்சி’யும் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் முழுப் பெயராகவே சூட்டப்படுகிறது. பதிவேட்டில் ஏறிய அன்றே எந்தக் கொஞ்சல் பெயரும் செல்லப்பெயர் என்ற நிலையை விட்டு இயற்பெயராகிவிடுகிறது. குழந்தையைக் கொஞ்ச வேறொரு சொல் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

பதிவேட்டின் நடைமுறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரைப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். ஆனால் எழுதிய பெயரை மாற்றுவது எளிதன்று. அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். வீட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று வாழ்ந்த முந்தைய தலைமுறையினர் பத்திரங்களில் ‘ராஜாத்தி (எ) மகாலட்சுமி’ என்று எழுதிக்கொண்டார்கள். ‘என்கிற’ என்ற சொல்லைச் சுமக்கும் அந்த ஓரெழுத்துக்குள் பல குடும்பங்களின் வழக்காடல் அடங்கியிருக்கிறது.

‘மின்னு’ எந்த வகை? கேட்க மழலைபோல் இருந்தாலும், சங்கப் பாடல்களிலேயே மின்னலைக் குறிக்கும் முழுப் பெயர்ச்சொல் அது. இதைச் சொன்னதும் தாய் மகிழ்ந்தாள். பாட்டி அசையவில்லை, ‘மின்னல்கொடி’ என்று பதிந்துவிட்டால் மின்னு அதன் சுருக்கமாகிவிடும் என்கிறார். பெயருக்கான கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.