இதய நோயாளியைத் தினமும் எடை பார்க்கச் சொல்வது எதற்காக?

இதயம் பலவீனமான நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் விடிந்ததும் தாதியர் எடை பார்ப்பார்கள். சிறுநீர் கழித்த பிறகு, தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால், அதே தராசில். வீட்டுக்கு அனுப்பும்போதும் "தினமும் எடை பார்த்து கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். மாத்திரையும் ஊசியும்தான் வைத்தியம் என்று பழகிய நமக்கு இது சும்மா ஒரு பதிவு மாதிரிப் படும். ஆனால் மூச்சுத் திணறல் வரப்போகிறது என்பதைச் சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடக்கூடியது அந்த எண்தான்.

இப்படி இதயம் பலவீனமாவதற்கு வைத்தியர்கள் சொல்லும் 'இதயச் செயலிழப்பு' என்ற பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நிற்கவில்லை. ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துப்போனாலும், பல வருடம் பிரஷரைக் கவனிக்காமல் விட்டாலும், சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் வால்வு கெட்டிருந்தாலும், உடம்புக்கு வேண்டிய அளவு தள்ள அதனால் முடியாமல் போகிறது.

இந்தக் குறையை உணர்வதில் முக்கியமானது சிறுநீரகம். இதயம் அனுப்பும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது. அந்த வரத்து குறையும்போது, இதயம் சோர்ந்துவிட்டதா, இல்லை வெட்டுக்காயத்தில் இரத்தம் வெளியேறிவிட்டதா என்று பிரித்துப் பார்க்கச் சிறுநீரகத்துக்குத் தெரியாது. இரண்டுக்கும் அது செய்வது ஒன்றுதான்: ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் செயலால் ஆஞ்சியோடென்சின், அதன் தூண்டுதலில் அல்டொஸ்டெரோன் என்று ஹோர்மோன்களின் ஒரு வரிசையே கிளம்புகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. வெளியே போகவேண்டிய உப்பும் தண்ணீரும் உடம்பிலேயே நின்றுவிடுகின்றன. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு இரத்தம் இழந்தவருக்கு இதே ஏற்பாடு உயிர் காக்கும். ஏற்கெனவே தள்ள முடியாமல் தவிக்கும் இதயத்துக்கோ மேலும் சுமை ஏறுகிறது. உடம்பு தன்னைக் காப்பாற்றச் செய்யும் வேலையே நோயை முற்ற வைக்கிறது. இந்த நோயில் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான இடம் இதுதான்.

அப்புறம், முன்னே போக முடியாத இரத்தம் பின்னால் தேங்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரண்டு இழுபறிகள் நடப்பதை ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் 1896இல் விளக்கினார். உள்ளே இருக்கும் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளும். இரத்தத்தில் உள்ள புரதம் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கும். தேக்கத்தால் அழுத்தம் ஏறும்போது தள்ளுகிற பக்கம் ஜெயிக்கிறது, தண்ணீர் குழாயை விட்டுச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிகிறது. இதயத்தின் வலப்பக்கத்தில் தேங்கினால் கால் வீங்கும். இடப்பக்கத்தில் தேங்கினால் நுரையீரலில் நீர் கோர்க்கும்.

கசிந்த தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும். நடமாடுகிறவருக்குக் கணுக்காலில் தெரியும். தாதி முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுப்பார். குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பும். படுக்கையிலேயே கிடக்கும் தாத்தாவுக்குக் கால் மெலிந்து சரியாக இருப்பதுபோல் தோன்றும். அவருக்குப் பள்ளம் இடுப்பின் பின்பக்கம். உடம்பு துடைக்கத் திருப்பிப் போடும்போது நல்ல தாதி அங்கேயும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுவார். காலை மட்டும் பார்த்து 'வீக்கமில்லை' என்று எழுதினால் தப்பாகிவிடும்.

ஆனால் வீக்கம் பிந்தி வருகிற அடையாளம். சில லிட்டர் தண்ணீர் சேர்ந்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். தராசு முந்திக்கொள்கிறது: 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. நன்றாகச் சாப்பிட்டாலும் மூன்று நாளில் 2 கிலோ கொழுப்பு ஏறாது. ஏறியிருந்தால் அது தண்ணீர். தேயிலைத் தோட்டத்தில் இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பதை நம் பெண்கள் காலமெல்லாம் பார்த்துவருகிறார்கள். இலையோடு எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். உடம்பிலும் அதே கணக்குத்தான். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் தராசு இல்லையென்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பார்க்கலாம். கணுக்காலை ஒரே இடத்தில் அங்குல நாடாவால் அளந்து எழுதுவதும் உதவும்.

"எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்கம்மா?" என்று தாதி கேட்பது ஊர்க்கதைக்கு இல்லை. படுத்ததும், பகலெல்லாம் காலில் நின்ற தண்ணீர் திரும்ப இரத்தத்தில் கலந்து நெஞ்சுக்கு வருகிறது. இதயத்தால் அதைத் தள்ள முடியாவிட்டால் நுரையீரலில் ஏறும். ஒரு தலையணையோடு தூங்கியவர் மூன்றுக்கு மாறியிருந்தால், இரவில் எழுந்து இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து மூச்சு வாங்கினால், அது கொப்பியில் எழுதவேண்டிய விஷயம். இரவில் அடிக்கடி சிறுநீர் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: படுத்தால் சிறுநீரகத்துக்கு இரத்தம் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கிறது.

மலைநாட்டுக்கென்று சில சங்கதிகளும் உண்டு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் விரலில் மாட்டிப் பார்க்கும் ஒட்சிசன் அளவு கொழும்பில் பார்ப்பதைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைந்து தெரியலாம். குளிர் விரலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கருவி தப்பாகவும் காட்டும். விவரம் தெரிந்த தாதி நோயாளியின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் மாட்டுவார். அதே குளிர் பிரஷரையும் ஏற்றும். விடிகாலைப் பனியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதை இதய நோயாளிகள் விட்டுவிடுவதே நல்லது.

இனி மாத்திரை. சேர்ந்த நீரை வெளியேற்றத் தருவது பெரும்பாலும் பியூரோசமைட். லாசிக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். சிறுநீரகம் உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடத்தில் இது தடை போடுகிறது. உப்போடு தண்ணீரும் போய்விடும். விழுங்கி ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீடிக்கும். வழக்கமாகக் காலையில் போடச் சொல்வார்கள். சரி, காலையில் போட்டுவிட்டு மலைக்குப் போகிற அக்கா என்ன செய்வார்? கொழுந்து பறிக்கும் மலைகளில் பெரும்பாலும் கழிவறை கிடையாது. அவர் மாத்திரையை விட்டுவிடுவார், கிளினிக்கில் கேட்டால் "போடுறேன் மிஸ்" என்பார். இதைச் சோம்பல் என்று திட்டுவதில் பயனே இல்லை. "வேலை நாளில் எத்தனை மணிக்குப் போடுறீங்க?" என்று ஆறுதலாகக் கேட்கும் தாதிதான் உண்மையைத் தெரிந்துகொள்கிறார். டொக்டரிடம் பேசி, வேலை நாளில் பின்னேரம் வீடு திரும்பியதும் போடும்படி மாற்றினால் இரவு பத்து, பதினொரு மணிக்குள் அதன் வேகம் அடங்கிவிடும். இப்படி ஒரு மாற்றம் இன்னொரு மாத்திரையைக் கூட்டுவதைவிடப் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். மலையில் கழிவறை கட்டுவதும் இதய வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

உப்பு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ரொட்டி மாவில் ஒரு பங்கு, சம்பலில் ஒரு பங்கு, மத்தியானம் கருவாடு என்று போனால் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டிவிடும். கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது.

உப்பைவிட யாரும் கவனிக்காதது வலி மாத்திரை. முதுகுவலி, முழங்கால்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக், இபுபுரோஃபன் போன்றவை சிறுநீரகத்தை மறுபடியும் உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கச் செய்யும். லாசிக்ஸ் ஒரு பக்கம் வெளியேற்ற, இது மறுபக்கம் சேர்த்துக்கொண்டிருக்கும். காரணமே தெரியாமல் எடை ஏறினால் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

நடுராத்திரியில் திடீரென்று மூச்சு முட்டினால் நோயாளியைப் படுக்கவைக்காதீர்கள். கட்டிலோரத்தில் நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைக் கீழே தொங்கவிடுங்கள். இரத்தத்தில் ஒரு பங்கு காலிலேயே நிற்பதால் நெஞ்சுக்கு வரும் சுமை குறையும். சுற்றி நிற்கும் ஆட்களை விலக்கி, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வரும் பாதையில் வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்தியில் நிற்கவேண்டும் என்பதை அப்போதே சொல்லி, அங்கே ஒருவரை டோர்ச்சோடு அனுப்புங்கள். டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கிளினிக் கொப்பியும் மாத்திரைப் பையும் கூடவே போகட்டும். கடைசி ஒரு வாரத்து எடை அதில் இருந்தால், எவ்வளவு தண்ணீரை எடுக்கவேண்டும் என்று டொக்டருக்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு கணக்குக் கிடைக்கும்.