தெளிகனவும் அமுக்குவானும்

கனவு காணும்போதே "இது கனவு" என்று காண்கிறவருக்குத் தெரிந்துவிடுகிற நிலையைத்தான் லூசிட் ட்ரீம் என்கிறார்கள். போனில் காணொளி பார்க்கிற மலையகப் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சொல் இப்போது பழக்கம். தமிழில் என்னவென்று கேட்டால் 'தெளிவான கனவு' என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. படம் பார்த்த மாதிரி பளிச்சென்று வருகிற கனவெல்லாம் லூசிட் ட்ரீம் ஆகாது. கனவு மங்கலாகக்கூட இருக்கலாம். கனவுக்குள் இருக்கிறோம் என்ற அறிவு இருந்தால் போதும்.

மூலச் சொல்லே இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கிறது. லத்தீனில் லூசிடுஸ் என்றால் ஒளியுள்ளது. ஆனால் இந்தப் பெயரை நிலைநிறுத்திய ஃபிரெடெரிக் வான் ஈடன் ஒல்லாந்து நாட்டு மனநல வைத்தியர். மனநோயாளிக்கு இடையில் சற்று நேரம் புத்தி தெளிந்து தன் நிலை விளங்குவதை வைத்தியர்கள் லூசிட் என்றே சொல்லி வந்தார்கள். அவர் 1898 முதல் 1912 வரை கண்ட இவ்வகைக் கனவுகள் 352 என்று 1913இல் வந்த கட்டுரையில் எழுதினார். அவற்றில் பகல் வாழ்க்கை நினைவிருக்கும், தான் தூங்குவது தெரியும், நினைத்ததைச் செய்து பார்க்கவும் முடியும் என்று விவரித்தார்.

தமிழில் 'தெளிதல்' என்ற வினைக்கு இதே பொருள் உண்டு. "மயக்கம் தெளிஞ்சிருச்சு" என்கிறோம். "வெறி தெளியட்டும், அப்புறம் பேசுவோம்" என்கிறோம். அந்தத் தெளிதலை எடுத்து வினைத்தொகையாக்கினால் தெளிகனவு. புத்தி தெளிந்த நிலையில் காண்கிற கனவு. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. 'நனவுக் கனவு' என்றும் சொல்லலாம்தான். திருக்குறளில் கனவுநிலை உரைத்தல் என்ற 122ஆம் அதிகாரத்தில் கனவும் நனவும் எதிரெதிராக நிற்பதைப் பார்த்தால் ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் 'கனவு நனவாகியது' என்று தினமும் பேசுகிறவர்களுக்கு அது பலித்த கனவு என்றே கேட்கும்.

தெளிகனவுக்குப் பக்கத்து வீடாக இன்னொன்று உண்டு. அதற்கு நம்மிடம் வெகுநாளாகவே சொல் இருக்கிறது: அமுக்குவான். அமுக்குகிற பேய். விடியப்போகிற நேரம், லயத்துக் காம்பராவில் கண் திறந்திருக்கும். கூரைத் தகரம் தெரியும், பக்கத்தில் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற தங்கச்சியின் மூச்சு கேட்கும். கையை அசைக்க வராது. கூப்பிட்டால் சத்தம் வெளியே போகாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். கதவோரம் ஆள் நிற்கிற மாதிரி ஒரு நிழல். எங்கள் அப்பாயி தலையணைக்கடியில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டுத்தான் பேரப்பிள்ளைகளைப் படுக்கவிடுவார். இரும்புக்கு அது கிட்ட வராது என்பது நம்பிக்கை. இங்கிலீஷில் நைட்மேர் என்பதும் இந்த வழியில் வந்த சொல்தான். அதிலுள்ள 'மேர்', தூங்குகிறவரின் நெஞ்சில் ஏறி உட்காரும் ஆவிக்குப் பழைய பெயர்.

நடப்பது இதுதான். இமைக்குள் கண்மணிகள் வேகமாக உருள்கிற ஒரு தூக்கக் கட்டம் உண்டு. அசெரின்ஸ்கியும் க்ளெயிட்மனும் 1953இல் இதை விவரித்தார்கள். உயிரோட்டமான கனவுகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. கனவில் ஓடுகிறவர் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி மூளைத்தண்டு அப்போது உடம்பின் தசைகளை அடக்கி வைக்கிறது. கண்ணையும் மூச்சை இயக்குகிற பிரிமென்றகட்டையும் மட்டும் விட்டுவைக்கிறது. இந்த அடக்கம் விலகுமுன் புத்தி விழித்துக்கொண்டால் அமுக்குவான். மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் நெஞ்சுத் தசைகள் சொன்னபடி கேட்காததால் இழுத்து விட வராது, அதுதான் அந்தப் பாரம். மிச்சமிருக்கிற கனவு காம்பராவுக்குள் கொட்டுவதுதான் அந்த நிழல். புத்தி கனவுக்கு உள்ளேயே விழித்துவிட்டால் தெளிகனவு. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் இதைப் பதிவு செய்தார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் தூங்கியபடியே, முன்கூட்டிப் பேசி வைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைத்துக் காட்டினார். அசைக்க அவருக்கு இருந்தது கண் மட்டும்தானே.

வைத்திய நூல்களில் அமுக்குவானுக்குத் தூக்க வாதம், உறக்க வாதம் என்று வருகிறது. வாதம் என்றாலே பக்கவாதம் நினைவுக்கு வந்து, ஏற்கெனவே பயந்தவரை இன்னும் பயமுறுத்தும். குருதி அமுக்கம், வளி அமுக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு 'உறக்க அமுக்கம்' இயல்பாகவே வரும். அப்பாயியின் சொல்லும் அதற்குள் இருக்கிறது.

தெளிகனவைப் பழகலாம். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ந்த ஸ்டீபன் லபேர்ஜ் சொன்ன முறை, கனவிலிருந்து விழித்ததும் அதை நினைவுக்குக் கொண்டுவந்து, "அடுத்த தடவை கனவு காணும்போது இது கனவென்று கண்டுகொள்வேன்" என்று மனதில் ஊன்றிக்கொண்டு மறுபடி தூங்குவது. கண் உருளும் கட்டம் ராத்திரியின் பின்பாதியில்தான் நீளமாக வரும். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகிற வீடுகளில் மற்ற நாளில் அந்த நேரம் எழும்பியே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல முழிப்பு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி போர்த்திப் படுக்கிறவருக்கு வாய்ப்பு அதிகம். கனவில் எழுத்தை ஒருமுறை வாசித்து, கண்ணை எடுத்து, திரும்ப வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மாறியிருக்கும். பகலிலும் பஸ் போர்டைப் பார்த்து இதைச் செய்து பழகினால் கனவிலும் கை கொடுக்கும்.

அமுக்கம் வந்தால் திமிற வேண்டாம். ஒரு விரல் நுனியையோ கால் பெருவிரலையோ அசைக்கப் பார்த்தால் போதும், அநேகமாகச் சில விநாடியிலோ ஓரிரு நிமிடத்திலோ விட்டுவிடும். மல்லாந்து படுக்கும்போதும் தூக்கம் கெட்ட நாட்களிலும் கூடுதலாக வரும். பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் துவளுவதும் சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நிஜம் எது, மனதின் தோற்றம் எது என்று விழித்திருக்கும்போதே தடுமாறுகிறவர்கள் தெளிகனவுப் பயிற்சியைத் தொடாமல் இருப்பது நல்லது.