சிபிகே நார்மல், சரி. நுரையீரல்?

"சிபிகே நார்மல்னு வந்திருக்கு டாக்டர், அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?"

கேட்ட அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். விரல் முட்டிகளின் மேல் செந்தடிப்பு, உள்ளங்கையில் வலிக்கும் சிறு கொப்புளங்கள். ஒரு மாத இருமலுக்கு அலர்ஜி என்று சிரப் குடித்திருந்தார். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை தசை சிதைவதைக் காட்டும், நுரையீரலை அல்ல. உடலின் எதிர்ப்பாற்றலே தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமயோசைடிஸ் என்ற நோயில், சிலருக்குத் தசை தெம்பாகவே இருக்க, நுரையீரல் மட்டும் கெட்டுப்போகும். இந்த நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் காணப்படும் எம்டிஏ5 என்ற ஆன்டிபாடி உள்ளவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம்.

அவர் ஃபைலைப் புரட்டியபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. சோர்வுக்காக எங்கோ எடுத்த ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. இரும்புச்சத்து கூடிவிட்டது என்று டானிக்கை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த நோயில் ஃபெரிட்டின் ஏறுவது இரும்பால் அல்ல, உள்ளே எரியும் அழற்சியால். எம்டிஏ5 நோயாளிக்கு அது ஆயிரத்தைத் தாண்டினால் அன்றைக்கே ஹெச்ஆர்சிடி, அதாவது நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன், எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேஎல்-6 என்று இன்னொரு டெஸ்ட் உண்டு. காற்றறைகளின் சுவர் செல்கள் காயப்படும்போது ரத்தத்தில் கசியும் புரதம் அது. ஜப்பானில் 1999 முதல் வழக்கமான பரிசோதனை; மில்லிலிட்டருக்கு 500 யூனிட் அங்கே எல்லைக்கோடு. நம்மூரில் எல்லா லேபிலும் கிடைக்காது. ஜோ-1 என்ற இன்னொரு ஆன்டிபாடி உள்ளவர்களைப் போல நாள்பட்ட நுரையீரல் பாதிப்பில் இது நல்ல துணை. ஊதும் டெஸ்டில் அளவு குறைந்தால், மூச்சுத் தசையின் பலவீனமா, நுரையீரல் தழும்பா என்ற குழப்பம் வரும். கேஎல்-6 ஏறாமல் இருந்தால் தசையைச் சந்தேகிப்பேன். ஆனால் சில புற்றுநோய்களிலும் இது ஏறும். டெர்மடோமயோசைடிஸில் புற்றுநோய் அபாயமே கூடுதல் என்பதால் அதையும் தேடிப் பார்க்க வேண்டும். எல்டிஹெச் என்ற ரத்தப் பரிசோதனை மலிவுதான், தசை சிதைந்தாலும் ஏறுவதால் அதை மட்டும் நம்ப முடியாது.

எதையும் ஒரே ஒரு எண்ணாகப் பார்க்காதீர்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால், உட்கார்ந்திருக்கும்போது மட்டுமல்ல, ஆறு நிமிடம் நடந்த பிறகும் பாருங்கள். ஆக்சிஜன் அளவு நான்கு புள்ளி இறங்கினாலே, அடுத்த ரிவியூ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

அந்த அம்மாவை அன்றே அட்மிட் செய்தோம். எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ், சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்துகள் மூன்றும் சேர்த்துத் தொடங்கினோம். இப்போது ரிவியூவுக்கு வரும்போதெல்லாம் ஃபைல் அட்டையில் தேதியோடு ஃபெரிட்டினை அவரே எழுதிக்கொண்டு வருகிறார்.