ரயில் பெட்டி படகேறும் கணக்கு

நியூயார்க் நகரத்தை ஒட்டி ஹட்சன் ஆற்றின் மேல் சரக்கு ரயில் பாலமே இல்லையே, நகரின் கிழக்குப் பக்கத்துப் பகுதியான புரூக்ளினுக்குப் பெட்டிகள் எப்படிப் போகின்றன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். படகில்தான் போகின்றன. எதிர்ப்பக்கம், மேற்கே உள்ள ஜெர்சி சிட்டியின் கிரீன்வில் யார்டில் (சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இடம்), தண்டவாளம் பதித்த மிதவையில் பெட்டிகளை ஏற்றுவார்கள். இழுவைப்படகு அதைப் புரூக்ளினின் 65ஆம் தெரு யார்டுக்குக் கொண்டு சேர்க்கும். தரைவழியே போவதென்றால் வடக்கே ஆல்பனி அருகிலுள்ள செல்கிர்க் வரை சுற்ற வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தத் துறைமுகக் கரையெங்கும் இப்படிக் குட்டி ரயில் கம்பெனிகள் இருந்தன. புரூக்ளின் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட் டெர்மினல் போன்றவற்றுக்கு வெளியுலகோடு தரைத் தொடர்பே கிடையாது. வந்த ஒவ்வொரு பெட்டியும் தண்ணீர் தாண்டித்தான் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏற்றும் முறை. கடல் ஏற்றவற்றத்தால் மிதவை உயர்ந்து தாழும். அதனால் கரைக்கும் மிதவைக்கும் நடுவே, கரைப்பக்கம் கீல் வைத்த ஒரு பாலம் இருக்கும். இன்னொரு முனை மிதவையோடு சேர்ந்து ஏறி இறங்கும். கனமான எஞ்சின் அதன்மேல் போகக்கூடாது என்பதற்காக, நடுவில் சில காலி பெட்டிகளைக் கோத்து, எஞ்சின் கரையில் நின்றபடியே தள்ளும்.

பெரிய சிக்கல் சாய்வுதான். மிதவையில் இடம் வலம் இரண்டு தண்டவாளம், ஒவ்வொன்றிலும் எட்டுப் பெட்டி, எல்லாம் ஒரே எடை என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்தை முதலில் நிரப்பினால் எட்டுப் பெட்டி எடை ஒருபக்கமாக அழுத்தும். மிதவை சாயும், பாலம் முறுக்கிக்கொள்ளும், ஒரு சக்கரம் தண்டவாளத்தை விட்டுத் தூக்கினால் பெட்டி தடம் புரளும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஏற்றினால் சாய்வு குறையும். ஆனால் எஞ்சின் பதினாறு முறை போய்வர வேண்டும். இதற்கு ஒரு அழகான வழி: இடப்பக்கம் நான்கு, பிறகு வலப்பக்கம் எட்டும், கடைசியில் இடப்பக்கம் மீதி நான்கு. மூன்றே தள்ளலில் வேலை முடிகிறது. எடை வித்தியாசம் எந்தக் கட்டத்திலும் நான்கு பெட்டியைத் தாண்டாது. இறக்கும்போதும் இதே வரிசை செல்லும்.

இந்தச் சின்ன யார்டுகள் தொழில்நுட்பத்திலும் முன்னால் நின்றன. நகரத்துக்குள் நீராவி எஞ்சினைத் தடுக்கும் காஃப்மன் சட்டம் 1923இல் வந்தது. 1925இல், நகரின் பிராங்க்ஸ் பகுதியில் மிதவை வழி மட்டுமே கொண்ட ஒரு யார்டில் 300 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கியது. சென்ட்ரல் ரயில்ரோடு ஆஃப் நியூஜெர்சியின் 1000ஆம் எண் எஞ்சின் அது. வணிகரீதியில் வெற்றி பெற்ற முதல் டீசல் எலெக்ட்ரிக் (டீசலால் மின்சாரம் உண்டாக்கி ஓடும்) ரயில் எஞ்சின் என்று அதைச் சொல்வார்கள். இன்று பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய எஞ்சினைக் காப்பாற்ற ஆகும் பணம் வீண் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.