புரண்டு படுத்தால் வீடு சுற்றுகிறதா? காதைக் கவனியுங்கள்

மட்டக்களப்பில் யாராவது தலை சுற்றுகிறது என்று சொன்னால், "பிறசரா இரிக்கும், ஒருக்கா பாத்துட்டு வாங்க" என்பதுதான் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் வார்த்தை. பார்ப்பது நல்லதுதான். ஆனால் பிறசர் சரியாக இருந்தும் சுற்று நிற்காமல், பாமசியில் வாங்கிய குளிசையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய கோளாறு குளிசைக்கு அடங்காதது. தலையை முறைப்படி திருப்பிவிட்டால் அடங்கக்கூடியது.

முதலில் எந்த மாதிரிச் சுற்று என்று கேட்க வேண்டும். வேளாண்மை வெட்டும் வெயிலில் குனிந்து நின்றவர் நிமிரும்போது கண் இருட்டி விழப்பார்ப்பது ஒரு வகை. அது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. போதிய தண்ணீர் குடிக்கிறாரா, பிறசர் குளிசையின் அளவு கூடிப்போனதா என்று பார்க்க வேண்டும். கூரையும் சுவரும் வட்டமாகச் சுழல்வது வேறு வகை. கட்டிலில் புரளும்போதும், உயரத் தட்டில் இருக்கும் பேணியை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதும் அது வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால், பெரும்பாலும் காரணம் உட்காதில்தான் இருக்கும்.

ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. உள்ளே திரவம் நிறைந்திருக்கும். தலை திரும்பும்போது குழாயும் கூடவே திரும்பும்; திரவம் ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் நுண்மயிர்களை வளைக்க, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. மூளை உடனே கண்களை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இந்த வரியை வாசித்தபடியே தலையை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். எழுத்து ஓரளவு நிலையாக நிற்கும். அப்புறம் தலையை அசைக்காமல் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள், எழுத்து கலங்கிவிடும். காது சொல்லிக் கண் திரும்புவதற்கு ஏறக்குறைய 10 மில்லிசெக்கன் போதும். அசையும் போனைக் கண் தானாகத் துரத்துவதற்கு அந்த வேகம் கிடையாது.

குழாய்களுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. புவியீர்ப்பை உணர்வது அவற்றின் வேலை. அதற்காக அங்கே ஒரு பசைப் படலத்தின்மேல் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் பதிந்திருக்கும். முட்டை ஓட்டில் உள்ள அதே பொருள்தான். வயது ஏற ஏற, அல்லது தலையில் அடிபட்டால், சில துகள்கள் கழன்று பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள் போய்விடுகின்றன. கோப்பையைச் சரித்தால் அடியில் கிடக்கும் சீனி சரிவதுபோல, ஆள் படுத்ததும் துகள்கள் சரிந்து திரவத்தையும் இழுக்கின்றன. தலை நின்றுவிட்டது, ஆனால் அந்தக் காது மட்டும் இன்னும் சுழல்வதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சுற்றும் சத்தியும் இதனால்தான்.

எந்தக் காது என்று கண்டுபிடிக்க, டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த சோதனை இன்றும் போதும். தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, ஆளைச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கவிடுவார்கள். சில செக்கன் ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழிகள் கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்று சுழன்று துடிக்கும். ஸ்கேன் படத்தில் பிடிபடாத நோயை இந்தத் துடிப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சிகிச்சையும் அங்கிருந்தே தொடங்கும். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி 1992இல் வெளியிட்ட முறை இது. தொங்கிய தலையை மறுபக்கம் 90 பாகை திருப்பி, அப்புறம் உடம்போடு இன்னும் 90 பாகை உருட்டி, முகம் தரையைப் பார்க்கவைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து, மெல்ல எழுப்பி உட்காரவைப்பார்கள். துகள்கள் குழாயைச் சுற்றி வந்து பழைய பைக்கே திரும்பிவிடும். ஊசி இல்லை, செலவு இல்லை. ஒன்றிரண்டு தடவையிலேயே பெரும்பாலானோருக்குச் சுகமாகிறது. கழுத்து, முள்ளந்தண்டுக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் செய்யக்கூடாது; மற்றவர்களும் முதல் தடவை பழகியவர் கையால் செய்துகொள்வதே நல்லது.

சின்னரிசின் போன்ற குளிசைகள் சத்தியையும் சுற்றையும் கொஞ்ச நேரம் அமர்த்தும், துகளை நகர்த்தாது. வயதானவர்கள் நீண்ட காலம் எடுத்தால் கைநடுக்கமும் உடல் இறுக்கமும்கூட வரலாம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். வீட்டில் அம்மம்மா அதை எவ்வளவு காலமாக எடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாச் சுற்றும் துகளால் வருவதில்லை. காது நரம்பு அழற்சியில் நாட்கணக்காகச் சுற்றும். காது இரைந்து கேட்கும் திறனும் குறைந்தால் காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஆனால் சுற்றோடு பேச்சுக் குழறல், முகக் கோணல், கைகால் பலவீனம், பொருட்கள் இரண்டாகத் தெரிதல், பிடிக்காமல் நிற்கவே முடியாமை, இவற்றில் ஏதாவது வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். படுத்து எழும்பினால் சரியாகும் என்று விடக்கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

துகள் சுற்று சிலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்பி வருவதுண்டு. அப்போதும் இதே முறைதான். சென்ற தடவை இடது காதா வலது காதா என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்து வைத்தால், அடுத்த தடவை வைத்தியர் அந்தப் பக்கத்தை முதலில் சோதிப்பார்.