பென்ஸின் மூன்று சக்கர வண்டியை மறுபடி கட்டினால்

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று ஜெர்மனியில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த அந்த முதல் மோட்டார் வண்டி இன்று மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது. சாலையில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் நகல்களைத்தான் தேட வேண்டும். 1986-ல் நூற்றாண்டையொட்டிப் பல நகல்கள் கையாலேயே கட்டப்பட்டன. எஃகுக் குழாயை வளைத்து, கம்பிச் சக்கரம் கோத்து, எஞ்சினைக் கடைந்தெடுத்துப் பொருத்தும்போதுதான் தெரியும், அதில் விநோதமாகத் தோன்றும் எதையும் பென்ஸ் சும்மா வைக்கவில்லை என்பது.

முதலில் அந்த ஒற்றை முன்சக்கரம். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகும். ஆகவே முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் டயர் இழுபட்டுத் தேயும். இதற்கான திசைதிருப்பும் அமைப்புக்கு பென்ஸ் காப்புரிமை பெற்றது 1893-ல்தான். அதுவரை முன்னால் ஒரே சக்கரம் வைத்துச் சிக்கலையே இல்லாமல் செய்துவிட்டார்.

பின்சக்கரங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டுக்கும் இடைவெளி 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 7.5 மீட்டர் கூடுதலாக ஓடும். வட்டம் சிறிதோ பெரிதோ, இந்த வித்தியாசம் மாறாது. அதனால்தான் குறுக்குத் தண்டில் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) வைத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தனித்தனிச் செயினில் சக்கரங்களை ஓட்டினார்.

எஞ்சின் ஒற்றை சிலிண்டர், 954 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 400 சுற்றில் முக்கால் குதிரைத்திறன்தான். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு, அதாவது 0.3 விநாடிக்கு ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு போவது பின்னால் இருக்கும் பெரிய ஃபிளைவீல். அதை பென்ஸ் படுக்கை வசமாக, அதாவது அச்சு செங்குத்தாக நிற்கும்படி வைத்தார். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சுழலும் கனமான சக்கரம் தன் அச்சு திசை மாறுவதை எதிர்க்கும். அச்சு வண்டிக்குக் குறுக்காக இருந்தால், திரும்பும்போதெல்லாம் வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும். அச்சு செங்குத்தாக நின்றால், வண்டி எப்படித் திரும்பினாலும் அதன் திசை மாறாது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை. பின்னால் வந்த பென்ஸ் வண்டிகளில் ஃபிளைவீல் நிமிர்ந்தே நின்றது. ஆனால் யாரும் ஓட்டிப் பார்க்காத ஒன்றைக் கட்டுகிறவர் இவ்வளவு தூரம் யோசித்தாரே!

குளிரூட்டலுக்குப் பம்ப் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும்; முழுவதும் ஆவியாக்க 2,250-க்கு மேல் வேண்டும். உலையில் தண்ணீர் இருக்கும்வரை பானை கருகாது என்பது போல, தண்ணீர் இருக்கும்வரை எஞ்சினும் தப்பிக்கும். ஓட்டுபவர் வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும்.

எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் காற்று எரிபொருளின் மேற்பரப்பைத் தடவிச் சென்று ஆவியை அள்ளிக்கொள்கிறது. பென்ஸ் பயன்படுத்தியது லிக்ரோயின் என்னும் லேசான கரைப்பான். நகலில் இன்றைய பெட்ரோலை ஊற்றினால், அதில் பலவகைக் கூறுகள் கலந்திருப்பதால் லேசானவை முதலில் பறந்துவிடும். கனமானவை அடியில் தங்கும்.

கிளப்ப, ஃபிளைவீலைக் கையால் சுழற்ற வேண்டும். பிறகு பக்கத்தில் உள்ள நெம்புகோலைத் தள்ளினால் பெல்ட் சும்மா சுற்றும் கப்பியிலிருந்து இழுக்கும் கப்பிக்கு நகரும், வண்டி புறப்படும். பின்னுக்கு இழுத்தால் பிரேக். கியர் ஒன்றே ஒன்று. 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்தா, மகன்கள் இருவருடன் மேம்படுத்திய வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனபோது, மேடுகளில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஏறுவதற்கென்று இன்னொரு கியர் வந்தது அந்தப் பயணத்துக்குப் பிறகு என்பார்கள். 1886 வண்டியை அப்படியே நகலெடுப்பவரிடம் அந்தக் கியர் இருக்காது. செங்குத்தான மேடு வந்தால் அவரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.